தீர்த்தலும் தீர்தலும்: கோவைத் தொழிற்களங்களில் நிலைத்த இணக்கம் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பணியிட முரண்பாடு ஒன்று முடித்துவைக்கப்படுவதும் அது உண்மையில் தீர்ந்துபோவதும் வெவ்வேறு நிலைகளாகும். தமிழில் தீர்த்தல், தீர்தல் என வழங்கும் பிறவினை, தன்வினைச் சொற்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. கோவை மாவட்டம் பெரியநாயக்கன்பாளையத்தில் 2007 முதல் 2017 வரை நிகழ்ந்த தொழிலாளர் முரண்பாட்டை மையமாகக் கொண்டு, கோவைப் பஞ்சாலைகளின் முன்வரலாற்றையும் விசைத்தறி, பின்னலாடைத் தொழில்களின் ஒப்பந்தங்களையும் ஒப்பிட்டு, ஒரு தீர்வு நிலைப்பதற்கான அடிப்படை எது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. எதிரில் இருப்பவரைப் பேச்சுக்குரிய தரப்பாக ஏற்றலே அவ்வடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தொழிற்தகராறு, தரப்பு, உடன்பாடு, 12(3) ஒப்பந்தம், நாயம், பெரியநாயக்கன்பாளையம்

முன்னுரை

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் அமைந்துள்ள பெரியநாயக்கன்பாளையம் கல்விக்கும் தொழிலுக்கும் ஒருசேரப் பெயர்பெற்ற ஊராகும். தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயத்திற்கு இவ்வூரில் 1934இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். நூற்பு இயந்திரங்கள் செய்யும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962இல் தொடங்கப்பட்டது. வாகனங்களுக்கான அளவுக் கருவிகள் செய்யும் பிரிக்கால் ஆலையும் பின்னர் இங்கு அமைந்தது. இவற்றைச் சுற்றி வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் பெருகின. வேளாண் குடும்பங்களிலிருந்து முதன்முறையாக மாதச் சம்பளத்திற்கு வந்த பலருக்கு இவ்வூரின் ஆலைவாயிலே புதிய உலகின் வாயிலாக அமைந்தது.

இத்தகைய ஊரில் எழும் பணியிட முரண்பாடு தொழிலாளர் நலத்துறைக்கும் நீதிமன்றத்திற்கும் மட்டும் உரிய பொருளன்று. யார் பேசலாம், எச்சொல்லால் பேசலாம், பேசிய சொல் யாரைக் கட்டும் என்னும் வினாக்கள் அதில் அடங்கியுள்ளன. இவை மொழி ஆய்வுக்கும் உரிய வினாக்களே. ஆகவே சொற்களிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

சொல்லும் பொருளும்

தொல்காப்பிய உரியியல், தீர்தல், தீர்த்தல் ஆகிய இரு சொற்களுக்கும் விடுதல் என்னும் பொருளைக் கூறுகிறது. பிடித்திருந்ததை விடுவதே தீர்வு என்பது இதனால் பெறப்படும். இவ்விரண்டனுள் தீர்த்தல் பிறவினை. ஒருவர் செய்ய, பிறிதொன்று தீர்கிறது. தீர்தல் தன்வினை. நோய் தீர்ந்தது, பகை தீர்ந்தது என்னும் வழக்குகளில் செய்வோர் சுட்டப்படுவதில்லை. தீர்ப்பு என்பது தீர்த்தலின் அடியாகப் பிறந்த தொழிற்பெயர். அதனை வழங்குபவர் முரண்பாட்டிற்கு வெளியே நிற்பவர். உடன்பாடு என்பதோ இரு தரப்பாரும் சேர்ந்து நின்றாலன்றி நிகழாதது. தீர்ப்பு வந்த பின்னும் பகை தீராதிருத்தல் உலகியல். ஊரில் வரப்புத் தகராறு கண்ட எவரும் இதனை அறிவர்.

தகராறு என்னும் சொல் உருது மொழிவழித் தமிழுக்கு வந்தது. அதன் மூலமான அரபுச் சொல்லுக்குத் திரும்பத் திரும்ப நிகழ்தல் என்பது பொருள். 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தின் தமிழ்ப் பெயரிலேயே இம்மீள்நிகழ்வு தங்கியிருப்பது எண்ணத்தக்கது. ராஜினாமா என்னும் சொல்லின் வரலாறும் இவ்வகையில் கருதத்தக்கது. பழைய நீதிமன்ற வழக்கில் அது இரு தரப்பாரும் இணங்கி எழுதிக்கொள்ளும் சமாதானப் பத்திரத்தைக் குறித்தது. இன்று பணியை விட்டு விலகும் கடிதத்தை மட்டுமே குறிக்கிறது. இணக்கத்தைச் சுட்டிய சொல் விலகலைச் சுட்டுவதாயிற்று. பணியிடத்தில் இணங்கிப்போக இயலாதவருக்கு எஞ்சும் வழியும் பெரும்பாலும் அதுவே.

முரண்பாட்டின் படிநிலைகள்

ஆலைத் தொழிலாளரிடையே வழங்கும் சொற்களை வரிசைப்படுத்தினால் முரண்பாடு வளரும் படிநிலைகள் புலப்படும். முதலில் இருப்பது குறை. ஷிப்ட் மாற்றம், விடுப்பு மறுப்பு, சூப்பர்வைசரின் கடுஞ்சொல், கேன்டீன் உணவு முதலியன குறைகள். குறையைக் கேட்பாரிடம் சொன்னால் அது புகாராகிறது. பலர் குறை ஒன்றாகத் திரண்டு எழுத்தில் ஏறும்போது கோரிக்கையாகிறது. கோரிக்கை மறுக்கப்பட்டால் தகராறு. தகராறு பேச்சில் அடங்காதபோது வழக்கு.

ஒவ்வொரு படியிலும் பேசுவோரின் தொகை கூடுகிறது, கேட்போருக்கும் பேசுவோருக்கும் இடையிலுள்ள தொலைவும் கூடுகிறது. குறை நிலையில் இருவர் பேசி முடிக்கக்கூடிய ஒன்று, வழக்கு நிலையில் வழக்குரைஞர்கள் வழியாக மட்டுமே பேசப்படுகிறது. குறைந்த செலவில், குறைந்த மனக்கசப்பில் தீரும் இடம் முதற்படியே என்பதைச் சட்டமும் உணர்ந்திருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளுக்குக் குறையாத எண்ணிக்கையில் அமரும் ஒர்க்ஸ் கமிட்டிக்கு வழிவகுத்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம், 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடங்களில் குறைதீர்க்கும் குழுவைக் கட்டாயமாக்கியது. குழு இருப்பதாலேயே குறை தீர்ந்துவிடாது. அதில் அமர்வோரைத் தொழிலாளர் தம்மவராகக் கருதுதல் வேண்டும். நிர்வாகம் விரும்பியவரே அமர்த்தப்படும் குழுவில் குறைகள் பதிவாவதில்லை. பதிவாகாத குறைகள் வேறு வாயிலைத் தேடும்.

கோவை ஆலைகளின் முன்வரலாறு

கோவையின் முதல் பஞ்சாலை ஸ்டேன்ஸ் குடும்பத்தாரால் 1888இல் நிறுவப்பட்டது. பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கியபின் ஆலைகள் விரைந்து பெருகின. 1937, 1938ஆம் ஆண்டுகளில் கோவை ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் பரவின. அப்போது சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை வி.வி. கிரியின் பொறுப்பில் இருந்தது. பின்னாளில் நடுவண் அரசின் தொழிலாளர் அமைச்சராகவும் விளங்கிய கிரி, கட்டாயத் தீர்ப்பாய முறையைவிடத் தரப்பார் தாமே பேசி முடித்துக்கொள்ளும் முறையையே வலியுறுத்தினார். வெளியிலிருந்து வரும் தீர்ப்பு, தோற்றவரை அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கச் செய்யும் என்பதே இந்நிலைப்பாட்டின் உட்கிடை. கிரி அணுகுமுறை எனத் தொழிலுறவு வரலாற்றில் அது பெயர்பெற்றது.

பேச்சு அற்றுப்போன இடத்தில் நேர்வது என்ன என்பதற்குச் சின்னியம்பாளையம் சான்றாகும். அங்கிருந்த ரங்கவிலாஸ் ஆலையில் எழுந்த மோதலின் தொடர்ச்சியாக ஒரு கொலை நிகழ்ந்தது. அவ்வழக்கில் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். தொழிலாளர் இயக்கம் இன்றளவும் அந்நாளை நினைவுநாளாகக் கடைப்பிடிக்கிறது. நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அவ்வழக்கு முடிந்தது. மக்கள் நினைவில் அது முடியவில்லை.

பெரியநாயக்கன்பாளையம்: 2007 முதல் 2017 வரை

பிரிக்கால் ஆலையில் ஏற்கெனவே சங்கங்கள் இருந்த நிலையில், 2007இல் தொழிலாளர் பலர் புதிய சங்கம் ஒன்றில் திரண்டனர். ஊதியம், பணி நிரந்தரம், ஒழுங்கு நடவடிக்கைகள் எனக் கோரிக்கைகள் பலவாயினும், அவற்றுக்கெல்லாம் முன்னிற்கும் கேள்வி ஒன்று இருந்தது: நிர்வாகம் யாரோடு பேசுவது? பெரும்பான்மை எம்மிடம் உள்ளது என்பது புதிய சங்கத்தின் நிலை. அச்சங்கத்தை ஏற்க நிர்வாகம் இசையவில்லை. வேலைநிறுத்தங்களும் நடவடிக்கைகளும் மாறிமாறித் தொடர்ந்தன. பேச்சு நடந்த இடங்களிலும் இருப்பவர் தரப்பாரா, வெளியாரா என்னும் ஐயத்தின் மீதே நடந்தது.

2009 செப்டம்பர் 21ஆம் நாள், பணிநீக்க நடவடிக்கைகளைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில் ஆலையின் மனிதவளத் துறைத் துணைத்தலைவர் தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். தம் பணியைச் செய்ய வந்த ஒருவர் வீடு திரும்பாமற்போன இந்நிகழ்வை எக்கோரிக்கையின் நியாயமும் ஈடுசெய்யாது. 27 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2015 டிசம்பரில் கோவை அமர்வு நீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்து, 8 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த எண்மருள் அறுவரை விடுவித்து, இருவர் மீதான தண்டனையை உறுதிசெய்தது. குற்றம் சாட்டப்பட்ட 27 பேருள் 25 பேர் இறுதியில் விடுதலை பெற்றனர் என்பதும், அதற்கு ஏழாண்டுகளுக்கு மேலாயிற்று என்பதும் கருதத்தக்கன.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தை நுணுகிக் காணவேண்டும். தொழிற்தகராறு குற்றவழக்காக மாறும்போது கேட்கப்படும் வினாவே மாறிவிடுகிறது. குறை யாது, அதனைக் களைவது எவ்வாறு என்பது தொழிலுறவின் வினா. செய்தவர் யார், சான்று உளதா என்பது குற்றவியலின் வினா. உயிர் பறிபோன பின் இரண்டாம் வினா கேட்கப்பட்டே ஆகவேண்டும். ஆனால் அதற்கு எத்துணை நேர்மையான விடை கிடைத்தாலும் முதல் வினா விடையின்றியே நிற்கும். யாரோடு பேசுவது என்று 2007இல் எழுந்த கேள்விக்குக் குற்றவழக்கின் எத்தீர்ப்பும் விடை கூற இயலாது. அது அந்நீதிமன்றத்தின் குறையன்று. அக்கேள்வி அங்குச் சென்றிருக்க வேண்டியதே இல்லை.

தரப்பாக ஏற்றல்: சட்டத்தின் இடைவெளி

இக்கேள்விக்குச் சட்டம் விடை வைத்திருந்ததா என வினவுதல் இயல்பு. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமையைத் தந்தது. பதிவு பெற்ற சங்கத்தை நிர்வாகம் ஏற்றுப் பேசியாக வேண்டும் என அது கட்டாயப்படுத்தவில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்திலேயே இச்சிக்கல் முளைத்துவிட்டது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலை முரண்பாட்டில் சங்கத் தலைவர்கள் மீதே நிர்வாகம் வழக்குத் தொடுத்ததும், அவ்வழக்கு சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் இயக்கத்தைத் தூண்டியதும் அறியப்பட்ட வரலாறு. சங்கம் இருப்பதற்கு உரிமை கிடைத்தது. அதன் சொல்லுக்குச் செவி கிடைப்பது நிர்வாகத்தின் விருப்பமாகவே இருந்தது. மகாராஷ்டிரம் 1971இல் இயற்றிய தனிச்சட்டம், 30 விழுக்காடு உறுப்பினரைக் கொண்ட சங்கம் ஏற்பிசைவு கோர வழி செய்தது. தமிழ்நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இயற்றப்படவில்லை.

நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 51 விழுக்காடு தொழிலாளரின் ஆதரவு பெற்ற சங்கம் பேச்சுக்குரிய ஒரே சங்கமாகும் என்றும், எச்சங்கத்திற்கும் அவ்வளவு ஆதரவு இல்லாவிடில் 20 விழுக்காட்டிற்குக் குறையாத ஆதரவுடைய சங்கங்கள் சேர்ந்த குழு பேசும் என்றும் அது வரையறுக்கிறது. யாரோடு பேசுவது என்பதற்கு நாடு முழுமைக்குமான எழுத்துவழி விடை இவ்வாறு அமைந்துள்ளது. எனினும் இக்கணக்கு ஆலையின் வருகைப்பதிவேட்டில் பெயருள்ளோரை அடிப்படையாகக் கொண்டது. காண்ட்ராக்ட் தொழிலாளர் அதே ஷெட்டில், அதே இயந்திரத்தில் நின்றாலும் அவர்தம் பெயர் வேறொருவர் ஏட்டில் இருக்கும். தரப்பாக ஏற்கப்படாதோர் என்னும் சிக்கல் முற்றும் நீங்கவில்லை. அது இடம்பெயர்ந்துள்ளது எனலாம்.

திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் நடுநிலைக்குத் துலாக்கோலை உவமை கூறுகிறது. துலாக்கோலுக்கு இரண்டு தட்டுகள் இருந்தாக வேண்டும். ஒரு தட்டையே மாட்டாமல் வைத்துவிட்டு, கோல் நேராக நிற்கிறது எனக் கூறுதல் இயலாது.

ஒப்பந்தம் நிலைக்கும் வழி

தரப்பார் ஏற்கப்பட்ட பின்னர் ஒப்பந்தம் யாரைக் கட்டும் என்பது அடுத்த வினா. கோவைத் தொழிலாளர் பேச்சில் பன்னிரண்டு மூன்று, பதினெட்டு ஒன்று ஆகிய தொடர்கள் பெயர்ச்சொற்களாகவே வழங்குகின்றன. இவை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவெண்கள். அச்சட்டம் நடைமுறையில் இருந்த 2025 நவம்பர் வரை, இரு தரப்பாரும் தாமே கூடி எழுதிக்கொண்டது 18(1) ஒப்பந்தம். அது கையொப்பமிட்டோரை மட்டுமே கட்டியது. தொழிலாளர் நலத்துறைச் சமரச அலுவலர் முன்னிலையில் எழுதப்பட்டது 12(3) ஒப்பந்தம். அது கையொப்பமிடாத சங்கத்தாரையும், பின்னர்ப் பணியில் சேர்ந்தோரையும் கட்டியது. பல சங்கங்கள் உள்ள ஆலையில் ஒரு சங்கத்தோடு மட்டும் எழுதப்பட்ட 18(1) ஒப்பந்தம் ஏனையோரை வெளியே நிறுத்தியது. அவ்வொப்பந்தமே அடுத்த தகராறுக்கு வித்தானதும் உண்டு.

எழுத்தில் ஏறாத, யாரையும் கட்டாத வாக்கு எத்தகையது என்பதற்கு விசைத்தறித் தொழில் சான்று தருகிறது. கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் பெற்றுக் கூலிக்கு நெய்து தருவோர். இவர்களுக்குள் சட்டப்படி முதலாளி, தொழிலாளி உறவு இல்லை. 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் நடந்த பேச்சில் சோமனூர் இரகத்திற்கு 23 விழுக்காடும், பிற இரகங்களுக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரியில் விசைத்தறிகள் மீண்டும் நின்றன. விழுக்காட்டில் உடன்பாடு கண்டும், அவ்வுடன்பாடு எவரையும் கட்டாமையால் தகராறு மீண்டது.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் இதற்கு மாறான அனுபவம் உடையது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள்கள் நீண்ட வேலைநிறுத்தத்தில் இரு தரப்பாரும் பேரிழப்புக் கண்டனர். உற்பத்தியாளர் சங்கங்களும் பல தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழில் முழுமைக்குமான ஊதிய ஒப்பந்தம் காணும் வழக்கம் அங்கு உண்டு. ஒப்பந்தக் காலம் முடியும்போது கோரிக்கைகள் எழுகின்றன, இழுபறியும் உண்டு. ஆனால் யாரோடு பேசுவது என்பது அங்கு ஒவ்வொரு முறையும் புதிதாக எழுப்பப்படும் கேள்வியன்று. மீளப் பேசுவதற்கான நாளைத் தன்னுள்ளேயே குறித்துவைத்துள்ள ஒப்பந்தம், மீள்நிகழ்வைத் தகராறாக வளரவிடாமல் வழக்கமாக்கிவிடுகிறது.

மதிப்பைக் காத்தலும் ஒரு கூறாகும். பெரியநாயக்கன்பாளையத்தில் அடிக்கல் நாட்டுவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னர், 1918இல், காந்தியடிகள் அகமதாபாத் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டார். தொழிலாளர் 35 விழுக்காடு உயர்வு பெறாமல் திரும்புவதில்லை எனவும், உரிமையாளர் 20 விழுக்காட்டிற்கு மேல் தருவதில்லை எனவும் உறுதிபூண்டிருந்தனர். முதல் நாளுக்கு 35, இரண்டாம் நாளுக்கு 20, அதன்பின் நடுவர் முடிவு வரும்வரை 27.5 விழுக்காடு என இணக்கம் காணப்பட்டது. இரு தரப்பாரும் தம் சொல் காப்பாற்றப்பட்டதாகக் கொள்ள இடம் கிடைத்தது. பின்னர் நடுவர் 35 விழுக்காட்டையே வழங்கினார். தம் உண்ணாநோன்பு உரிமையாளர்மீது அழுத்தமாக அமைந்ததைக் காந்தியடிகளே தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார் என்பதும் உடன் எண்ணத்தக்கது. தலைகுனிந்து கையொப்பமிட்டவர் அதை மாற்றும் நாளையே எண்ணிக்கொண்டிருப்பார்.

நாயம் என்னும் சொல்

கொங்கு வட்டார வழக்கில் நாயம் என்னும் சொல் இருபொருள்பட வழங்குகிறது. நியாயம் என்பதன் திரிபாகிய அது நீதியையும் குறிக்கும், பேச்சையும் குறிக்கும். திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதையும் நாயம் பேசுதல் என்பர். பேச்சுக்கும் நீதிக்கும் ஒரே சொல் வழங்கும் இவ்வழக்கு, பேச இடமின்றி நீதி இல்லை என்னும் உணர்வை உட்கொண்டுள்ளது.

ஆயினும் மரபை அப்படியே போற்றிவிட இயலாது. ஊர் அவையில் யார் அமர்வது, யார் கைகட்டி எட்ட நிற்பது என்பதைச் சாதி வரையறுத்தது. பெண்கள் அவையில் தரப்பாராகவே கருதப்படவில்லை. நாயம் பேசப்பட்டது, எல்லாருக்கும் பேச இடம் இருக்கவில்லை. ஆலை அவ்வமைப்பை ஓரளவு குலைத்தது. ஒரே ஷிப்டில் ஒரே வரிசையில் பலரையும் நிற்கவைத்தது. எனினும் மேஸ்திரி முன் நின்றபடியே குறை சொல்லும் வழக்கம் பழைய அவையின் எச்சமே ஆகும். குறை சொல்ல வருபவருக்கு எதிரில் ஒரு நாற்காலி இடுவது சிறு செயலாகத் தோன்றலாம். தரப்பாக ஏற்றல் அங்கிருந்தே தொடங்குகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பணியிட முரண்பாட்டைத் தீர்த்துவைத்தல் வெளியாரால் இயலும். அது தீர்தல் தரப்பார் இருவராலும் மட்டுமே இயலும்.

2. கோவைப் பகுதியின் கடுமையான மோதல்களில் தொகையைப் பற்றிய கருத்துவேறுபாட்டைவிட, யாரோடு பேசுவது என்னும் கேள்வியே ஆழமான வேராக இருந்துள்ளது. அது விடையின்றி நின்றபோது தொழிற்தகராறு குற்றவழக்காக முடிந்து, இரு தரப்பிலும் குடும்பங்கள் அதன் விலையைக் கொடுத்தன.

3. நிலைத்த உடன்பாட்டிற்கு நான்கு இயல்புகள் தேவை. குறை நிலையிலேயே கேட்கும் நம்பத்தகுந்த வாயில், அனைத்துத் தரப்பாரையும் உள்ளடக்கிய பேச்சு, எழுத்தில் ஏறி எல்லாரையும் கட்டும் ஒப்பந்தம், மீளப் பேசுவதற்குக் குறித்த காலம் ஆகியன அவை.

4. வருகைப்பதிவேட்டில் பெயரில்லாதோரும் கூலிக்கு வேலை செய்வோரும் தரப்பாக ஏற்கப்படும் வழி இன்னும் முழுமையாக வகுக்கப்படவில்லை. இனி எழக்கூடிய முரண்பாடுகளின் களம் இதுவே ஆகலாம்.

திருக்குறளின் இகல் அதிகாரம் மாறுபாட்டைப் பிரிவினை வளர்க்கும் நோயாகக் காண்கிறது. நோய்க்கு மருந்து அளிப்பவர் வேறாக இருக்கலாம். உண்ணவேண்டியவர் நோயுற்றவரே. பெரியநாயக்கன்பாளையத்தின் ஆலைவாயில்களில் நாள்தோறும் மூன்று ஷிப்டிலும் நுழைவோரின் குறைகளைக் கேட்க உள்ளேயே செவிகள் இருக்குமாயின், அக்குறைகள் தகராறு என்னும் பெயரைப் பெறவேண்டிய தேவை நேராது.